7 வயதுப் பையனைத் தனியாகக் கடைக்கு அனுப்பலாமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?

அயனாவரம் அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். என் மகனுக்கு 7 வயது முடிந்துவிட்டது, இரண்டாம் வகுப்பு. நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி ஃபிளாட். தெருமுனையில் அண்ணாச்சி கடை. எங்கள் வரிசையிலேயே இருப்பதால் ரோட்டைக் கடக்க வேண்டியதில்லை. பால்கனியில் நின்றால் இஸ்திரி வண்டி வரைக்கும் தெரியும், அதற்கு அப்புறம் வேப்பமரம் மறைத்துவிடும். கொஞ்ச நாளாக அவன் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: "நான் மட்டும் போய்ப் பால் வாங்கிட்டு வரட்டுமா?"

வீட்டுக்காரர் போகட்டும் என்கிறார். என் மாமியாருக்கு, அத்தைக்கு, கேட்டாலே கண் கலங்கிவிடுகிறது. இன்னமும் ராத்திரி சாப்பாட்டை அத்தைதான் அவனுக்கு ஊட்டிவிடுகிறார். எனக்கு அவன் தன் காலில் நிற்கிற பிள்ளையாக வளர வேண்டும், அதே நேரம் மனசு அடித்துக்கொள்ளவும் செய்கிறது.

கடை மட்டும் இல்லை. தனியாகக் குளிப்பது, லிஃப்ட்டில் தனியாக ஏறுவது, நான் கீழே போய்வரும் 10 நிமிடம் வீட்டில் தனியாக இருப்பது, எல்லாமே கேள்விதான். உங்கள் வீடுகளில் எந்த வயதில் எதை விட்டீர்கள்?

வேளச்சேரிவாசி:

சகோதரி, 7 வயது ரொம்பச் சின்ன வயது. காலம் கெட்டுக் கிடக்கிறது. தினமும் செய்தி பார்க்கிறோம். 10 வயது வரைக்கும் கையை விடாதீர்கள் என்பதுதான் என் கருத்து.

டீச்சரம்மா:

நான் மாண்டிசோரி முறையில் பயிற்சி பெற்றவள், அடையாறு பக்கம் சின்னப் பிள்ளைகளோடு வேலை செய்கிறேன். கடையைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். நான் அந்த ராத்திரி சாப்பாட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

பிள்ளைக்குச் சுதந்திரம் என்றதும் எல்லோரும் வாசலைத்தான் பார்க்கிறோம். தன் சோற்றைத் தானே பிசைந்து சாப்பிடாத பிள்ளையைக் கடைக்கு அனுப்புவதில் அவசரம் ஏன்? என் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பலர் டிபன் டப்பாவை முன்னால் வைத்துக்கொண்டு யாராவது வருவார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். பசி இருக்கும், சாதம் இருக்கும், மூடி திறக்காது. எவர்சில்வர் டப்பாவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, கட்டை விரலை மூடியின் விளிம்புக்கு அடியில் கொடுத்து, டப்பாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிக்கொண்டே நெம்ப வேண்டும். ஒரே இடத்தில் நெம்பினால் வராது. இதைப் பேசாமல், மெதுவாக, பிள்ளையின் கண்ணுக்கு நேராகச் செய்து காட்டினால் அன்றைக்கே பிடித்துக்கொள்கிறார்கள். நாம் அவசரத்தில் "கொடு, நான் திறக்கிறேன்" என்று வாங்கிவிடுகிறோம்.

இந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1939-இல் நம் அடையாறு பிரம்மஞான சபைக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். சபையின் அன்றைய தலைவர் ஜார்ஜ் அருண்டேல் அழைத்து வந்தார். இரண்டாம் உலகப் போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே இருக்க நேர்ந்தது, நடுவில் கொடைக்கானலிலும் தங்கினார். அவர் முறையில் எழுத்தும் கணக்கும் வருவதற்கு முன்பே கை வேலைகள் வந்துவிடும்: ஒரு சொம்பிலிருந்து இன்னொரு சொம்புக்குத் தண்ணீர் ஊற்றுவது, பொத்தான் போடுவது, சிந்தியதைத் துடைப்பது, பெருக்குவது. இதெல்லாம் மூன்று வயதிலிருந்தே நடக்கும்.

நான் கண்டதில் முக்கியமானது ஒன்று. வேலையைக் கொடுத்தால் முழுதாகக் கொடுக்க வேண்டும். தண்ணீர் ஊற்றும் வேலை என்றால் சிந்தினால் துடைப்பதும் அவன் வேலை, துணி எங்கே இருக்கிறது என்பதும் அவனுக்குத் தெரிய வேண்டும், துடைத்த துணியைப் பிழிந்து காயப்போடுவதும் அவனே. பாதியில் நாம் புகுந்து துடைத்துவிட்டால், "உன்னால் முடியாது" என்று சொன்னதாகத்தான் அவன் எடுத்துக்கொள்வான். ஊற்றியபோது கிடைத்த சந்தோஷமும் அதோடு போய்விடும்.

உங்கள் மகனுக்கு நான் சொல்வது: காலையில் வாசலில் மாட்டியிருக்கும் பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுப்பது, கழுவுவது, பாத்திரத்தில் வைப்பது. பள்ளிப் பையை அவனே அடுக்குவது. 2018-இல் சென்னை உயர் நீதிமன்றம் முதல் இரண்டு வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று உத்தரவிட்டது. அப்படியும் அம்மாக்கள் வாட்ஸ்அப் குழுவில் "நாளைக்கு என்ன புக்?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவன் பிள்ளை.

காசிமேட்டு அக்கா:

டீச்சர் நன்றாகச் சொன்னீர்கள். என் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லவா?

எங்கள் ஹவுசிங் போர்டில் 5, 6 வயதுப் பிள்ளை கடைக்குப் போவதை யாரும் கேள்வியாகவே கேட்பதில்லை. நான் வேலைக்குப் போய்விடுவேன், பெரியவள் சின்னவனைப் பார்த்துக்கொள்வாள், அவன் போய் வெங்காயம் வாங்கி வருவான். வழியில் நின்று வேடிக்கை பார்த்தால் மாடியிலிருந்து யாராவது ஒருத்தர் "டேய், அம்மா தேடுவாங்க, போடா" என்று குரல் கொடுப்பார்கள். தெரியாத ஆள் பிள்ளையிடம் பேச்சுக் கொடுத்தால் "யாரு நீங்க, யாரைப் பார்க்கணும்?" என்று இரண்டு பேராவது எழுந்து வருவார்கள். பிள்ளை தனியாகப் போகிறான் என்று பேர்தானே தவிர எங்கள் தெருவில் எந்தப் பிள்ளையும் தனியாக இல்லை.

அதனால் அயனாவரம் தங்கச்சி, உங்கள் பிள்ளைக்கு வயது போதுமா என்று பார்ப்பது இருக்கட்டும். அந்த அண்ணாச்சிக்கு உங்கள் பிள்ளையின் பேர் தெரியுமா? இஸ்திரிக்காரருக்குத் தெரியுமா? கீழ்வீட்டு ஆயா? முதலில் அதைச் செய்யுங்கள்.

எங்கள் பக்கம் எல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. கடல் பக்கம் மட்டும் பெரியவர் இல்லாமல் விடவே மாட்டோம். அதில் வயது, புத்திசாலித்தனம் எதுவும் கணக்கில்லை.

வேளச்சேரிவாசி:

அக்கா சொல்வது புரிகிறது. எங்கள் அடுக்ககத்தில் எதிர் வீட்டுக்காரரின் பேரே எனக்குத் தெரியாது, நேர்மையாகச் சொல்கிறேன். ஆனால் கடத்தல் பயம் நிஜம்தானே? வாட்ஸ்அப்பில் எத்தனை வீடியோ வருகிறது.

இரண்டு பிள்ளைக்காரன்:

வேளச்சேரி நண்பரே, அந்த வாட்ஸ்அப் வீடியோக்களைப் பற்றிக் கொஞ்சம் பேசியே ஆக வேண்டும். 2018 மே மாதம் இதே மாதிரிப் பிள்ளை பிடிக்கிறவர்கள் வதந்தி தமிழ்நாடு முழுக்கப் பரவியது. திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குப் போன சென்னைக் குடும்பம் ஒன்று, வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. கூட்டம் சேர்ந்து அடித்ததில் அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா இறந்துபோனார். அதே நேரத்தில் பழவேற்காட்டிலும் ஒருவரை அடித்துக் கொன்றார்கள். பிள்ளைகள்மேல் உள்ள பாசத்தில்தான் அந்தச் செய்திகளை எல்லோரும் அனுப்பினார்கள். பொய்யான பயத்துக்கு யாரோ ஒருவர் உயிரையே கொடுக்க வேண்டியதாகிவிட்டது.

நிஜமான ஆபத்துகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். முதலில் வண்டி. இங்கிலாந்தில் மேயர் ஹில்மன் என்ற ஆய்வாளரின் குழு செய்த ஆய்வு ஒன்று உண்டு. 1971-இல் அங்கே 7, 8 வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் பெரியவர் துணை இல்லாமல் பள்ளிக்குப் போனார்கள். 1990-இல் அது 9 சதவீதம். பெற்றோர் சொன்ன முதல் காரணம் போக்குவரத்து. ஒன்பது பத்து வயது வரைக்கும் பிள்ளைகளால் வரும் வண்டியின் வேகத்தைச் சரியாகக் கணிக்க முடியாது. எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தாலும் சரி, இது வளர்ச்சி சம்பந்தப்பட்டது. அதனால் என் வீட்டில் ஒரே கோடு: ஒரே வரிசையில் இருக்கும் கடைக்கு 7 வயதில் போகலாம், ரோட்டைக் கடப்பது என்றால் கூட ஆள் வேண்டும்.

அப்புறம் நம் ஊருக்கென்று இருக்கும் விஷயங்கள். ஒருவழிப் பாதையிலும் பைக் எதிரே வரும், ஆகவே எந்தத் தெருவானாலும் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். நிற்கிற கார் பின்னால் நகருமா என்று பார்க்க வேண்டும், அதற்குப் பின்விளக்கு எப்படி எரியும் என்று நேரில் காட்டுங்கள். நடைபாதையில் வண்டி நிற்கிறது என்று பிள்ளை ரோட்டில் இறங்கும் இடம்தான் எல்லாவற்றிலும் மோசம். அந்த இடம் உங்கள் தெருவில் எது என்று அவனோடு நடந்து பார்த்து, "இங்கே நின்னு பார்த்துட்டுத்தான் இறங்கணும்" என்று அந்த இடத்திலேயே சொல்ல வேண்டும். வீட்டு சோபாவில் உட்கார்ந்து சொல்லும் அறிவுரை பிள்ளையின் காலுக்கு எட்டாது.

மழை நாளில் தனியாக எங்கேயும் இல்லை. மின்பெட்டியிலிருந்து தண்ணீரில் கரண்ட் கசிந்து உயிர் போவது நம் ஊரில் நடக்கிறது. காய்ந்த நாளிலும் ஈ.பி. பாக்ஸ் மேல் கை வைக்கக் கூடாது, அதன் பக்கத்தில் ஒதுங்கக் கூடாது. நாய் பின்னால் வந்தால் ஓடக் கூடாது, கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். லேசாகக் கீறினாலும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசி போட்டாக வேண்டும். திட்டு விழும் என்று பயப்படுகிற பிள்ளைதான் இதையெல்லாம் மறைக்கும்.

வேளச்சேரிவாசி:

மழை விஷயத்தில் நான் கை தூக்குகிறேன். எங்கள் ஏரியாவில் தண்ணீர் நின்றால் வடிகால் மூடி இருக்கிறதா இல்லையா என்று பெரியவர்களுக்கே தெரியாது. 2015 வெள்ளத்தைப் பார்த்தவன் நான்.

ஆனால் பாலியல் தொந்தரவு? அதையும் வதந்தி என்று தள்ளிவிட முடியாதே.

டீச்சரம்மா:

தள்ளவே கூடாது. போக்சோ (பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) வழக்குகளில் மிகப் பெரும்பாலானவற்றில் குற்றம் செய்தவர் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்தான் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் சொல்கின்றன. உறவினர், அக்கம்பக்கத்தார், குடும்ப நண்பர். வீட்டுக்குள் பூட்டி வைப்பதால் இதிலிருந்து பாதுகாப்புக் கிடைத்துவிடாது. தன் உடம்பைத் தானே கழுவிக்கொள்ளத் தெரிந்த பிள்ளை, "நீங்க தொட வேண்டாம், நானே செய்துக்கறேன்" என்று சொல்லப் பழகிய பிள்ளை, இன்னொருவர் கை வைத்தால் அது சரியில்லை என்று சீக்கிரம் உணரும். அதனால்தான் குளியலை நான் கடைக்கு முன்னால் வைப்பேன். மாமா முத்தம் கேட்டு, பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டால் "கொடுடா, மாமாதானே" என்று தள்ளாதீர்கள். வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் வீட்டில்தான் வர வேண்டும்.

1098 குழந்தைகளுக்கான இலவச உதவி எண், 24 மணி நேரமும் இயங்குவது. அதோடு உங்கள் கைபேசி எண்ணையும் பாட்டு மாதிரி ராகம் போட்டு மனப்பாடம் செய்ய வையுங்கள். போனில் பேர் அமுக்கித்தான் நாமே பேசுகிறோம், அதனால் அம்மாவின் நம்பர் தெரியாத பிள்ளைகள் நிறைய.

மயிலை பாட்டி:

நான் பேரன் பேத்தி எடுத்தவள். அந்த மாமியாருக்காக யாரும் பேசவில்லையே, அதனால் எழுதுகிறேன்.

ஊட்டுவது எங்களுக்கு வெறும் சாப்பாட்டு வேலை இல்லை அம்மா. பகலெல்லாம் பிள்ளை பள்ளிக்கூடம், வந்ததும் டியூஷன், அப்புறம் போன். அவன் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து முகம் பார்த்துக் கதை கேட்கிற நேரம் அந்தச் சாப்பாட்டு நேரம் ஒன்றுதான். "இனி ஊட்டாதீங்க" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டால் எங்கள் மனசு என்ன ஆகும்? கதையை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பாட்டி எதிரில் உட்கார்ந்து கதை சொல்லட்டும், பேரன் தன் கையால் சாப்பிடட்டும். கையைச் சும்மா வைத்தால் கதை நிற்கும் என்று ஒரு விதி. என் பேத்தியிடம் நடந்தது இதுதான். சாதம் கீழே சிந்தும், சிந்தட்டும்.

கடைக்குப் பழக்குகிற பொறுப்பையும் அவரிடமே கொடுங்கள். முதலில் கூடவே போகட்டும், அப்புறம் பத்தடி பின்னால், அப்புறம் கேட் வரைக்கும். பயப்படுகிறவர் கையிலேயே அந்த வேலை இருந்தால் பயம் தானாகக் குறையும்.

கோடம்பாக்கம் மருமகன்:

பாட்டி சொன்னதைப் படித்துவிட்டு என் அம்மாவுக்குப் போன் செய்தேன். நன்றி.

அயனாவரம் அம்மா:

எல்லோருக்கும் நன்றி. காசிமேட்டு அக்கா கேட்ட கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. மறுநாளே மகனைக் கூட்டிக்கொண்டு போய் அண்ணாச்சி, இஸ்திரிக்காரர், கீழே வாட்ச்மேன் எல்லோரிடமும் பேர் சொல்லி அறிமுகப்படுத்தினேன். அண்ணாச்சி உடனே, "இனிமே தம்பி கையில சீட்டு மட்டும் கொடுத்து விடுங்க" என்றார். சீட்டு வேண்டாம், அவனே சொல்லட்டும் என்றேன். நடை பழக்கியது அத்தை. பத்தடி பின்னால் வந்தவரை இவன் திரும்பித் திரும்பிப் பார்த்து, "பாட்டி, இன்னும் பின்னாடி போங்க" என்றானாம்.

தனியாகப் போன அன்று ஆவின் பச்சைப் பாக்கெட் வாங்கச் சொல்லியிருந்தேன். தீர்ந்துபோயிருக்கிறது. நீலம்தான் இருந்ததாம். திரும்பி வந்து என்னைக் கேட்பான் என்று நினைத்திருப்பீர்கள். கேட்கவில்லை. "பால் இல்லாம வந்தா தாத்தாவுக்குக் காபி கிடையாது, அதான் நீலத்தையே வாங்கிட்டேன்" என்றான். மீதிச் சில்லறையை ஜோபியிலிருந்து எடுத்து மேஜையில் ஒவ்வொன்றாக வைத்து எண்ணிக் காட்டினான். யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவனாகவே யோசித்து எடுத்த முடிவு அது. இரண்டு வருடமாக நான் தேடிக்கொண்டிருந்தது அந்த யோசனைதான்.

மகளைப் பெற்றவள்:

வாழ்த்துகள் தோழி. இதே இழையில் என் கேள்வியையும் கேட்டுவிடுகிறேன். என் மகளுக்கு 9 வயது. கே.கே. நகரில் உள்தெருவில் சைக்கிள் ஓட்ட ஆசைப்படுகிறாள். எதிர்வீட்டுப் பையனுக்கு 8 வயது, அவன் சாயங்காலம் முழுக்கச் சுற்றுகிறான். இவளைக் கேட்டுக்குள்ளேயே ஓட்டச் சொல்கிறார் என் கணவர். "பொம்பளப் பிள்ளை" என்பதைத் தவிர அவரிடம் வேறு காரணம் இல்லை. இப்போதே அவள் கேட்பதை நிறுத்த ஆரம்பித்துவிட்டாள், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

காசிமேட்டு அக்கா:

தங்கச்சி, விட்டுக் கொடுக்காதீர்கள். இந்த வயதில் நான்கு தெரு தெரியாத பெண், 18 வயதில் காலேஜுக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிவந்தால் என்ன செய்வாள்? 2021-இலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. ஏறிப் போகிற தைரியத்தை அரசாங்கம் கொடுக்க முடியாது, நாம்தான் கொடுக்க வேண்டும்.

இரண்டு பிள்ளைக்காரன்:

போக்சோ சட்டம் ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் ஒன்றுதான், ஏனென்றால் ஆபத்து இருவருக்குமே உண்டு. பாதுகாப்புப் பாடத்தையும் சுதந்திரத்தையும் இருவருக்கும் ஒரே அளவில் கொடுங்கள். அந்த 8 வயதுப் பையனும் எங்கே போகிறான், எத்தனை மணிக்கு வருவான் என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

ஒரு யோசனை. ஜப்பானில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் அக்கம்பக்கத்தார் சேர்ந்து குழுவாகப் பள்ளிக்கு நடந்து போவார்கள், பெரிய வகுப்புப் பிள்ளை ஒருவர் தலைவர். உங்கள் தெருவில் நான்கு பிள்ளைகள் சேர்ந்தால் சாயங்காலம் 5 மணியிலிருந்து 6 மணி வரை கூட்டாகச் சைக்கிள் ஓட்டலாம். எந்த மூலை எல்லை என்று பிள்ளைகளே பேசி முடிவு செய்யட்டும், நீங்கள் ஒப்புக்கொள்ளுங்கள். தாங்களே போட்ட எல்லையைப் பிள்ளைகள் மதிக்கிறார்கள். உங்கள் கணவரை முதல் வாரம் முனையில் ஒரு நாற்காலி போட்டு உட்காரச் சொல்லுங்கள். ஹெல்மெட் கட்டாயம்.

மகளைப் பெற்றவள்:

நாற்காலிக்கு ஒப்புக்கொண்டுவிட்டார். பக்கத்துத் தெருவிலிருந்து இரண்டு பெண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டோம். எல்லையைச் சாக்பீஸால் ரோட்டில் கோடு போட்டே வைத்திருக்கிறார்கள்.

டீச்சரம்மா:

நல்லது. விடுமுறையில் இன்னொன்று செய்து பாருங்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிள்ளைகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. அங்கே போகும் வழியைப் பிள்ளை கண்டுபிடிக்கட்டும். எந்த பஸ், எங்கே இறங்க வேண்டும் என்று கண்டக்டரிடம் அவளே கேட்கட்டும், நீங்கள் பின் சீட்டில் வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். ஒரு ஸ்டாப் தள்ளி இறங்கினால் சேர்ந்து நடந்து திரும்பலாம்.

அயனாவரம் அம்மா:

கட்டாயம் செய்கிறோம். லிஃப்ட், குளியல், வீட்டில் தனியாக இருப்பது இதற்கெல்லாம் யாராவது அனுபவம் சொல்லுங்களேன்.

இரண்டு பிள்ளைக்காரன்:

லிஃப்ட்: கம்பிக் கதவு லிஃப்ட் என்றால் இப்போதைக்கு வேண்டாம், படியில் ஏறட்டும். தானியங்கிக் கதவு என்றால் முதலில் மணி பொத்தானைக் காட்டுங்கள். கரண்ட் போய் நடுவில் நின்றால் கதவைப் பிரிக்க முயலாமல், மணி அடித்துவிட்டுத் தரையில் உட்கார வேண்டும் என்று நீங்கள் கூட இருக்கும்போதே செய்து பார்க்கட்டும்.

குளியல்: வென்னீரை நீங்கள் விளாவிக் கொடுத்துவிட்டு கீஸர் சுவிட்சை அணைத்துவிடுங்கள். வாட்டர் ஹீட்டர் கம்பியை வாளியில் போடும் வீடாக இருந்தால், சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கி, கம்பியை வெளியே எடுத்த பிறகுதான் பிள்ளை உள்ளே போக வேண்டும். தாழ்ப்பாள் போடக் கூடாது, கதவைச் சாத்தினால் போதும். மரியாதைக்கு எல்லோரும் தட்டிவிட்டு வாருங்கள், பாட்டி உட்பட.

வீட்டில் 10 நிமிடம்: கேஸை ரெகுலேட்டரிலேயே மூடிவிட்டுப் போங்கள். பால்கனிக் கதவைப் பூட்டுங்கள், அங்கே ஸ்டூல் எதுவும் கிடக்கக் கூடாது. பிள்ளையை உள்ளே வைத்து வெளிப்பக்கம் பூட்டிவிட்டுப் போகாதீர்கள், தீ விபத்தென்றால் அவன் தானாக வெளியே வர முடிய வேண்டும். மெயின் கதவின் மேல் தாழ்ப்பாளை உங்கள் முன்னால் அவனே பல முறை போட்டுத் திறந்து காட்டட்டும். எட்டவில்லை என்றாலோ, மழையில் கட்டை உப்பிக் கதவு இறுக்கமாக இருந்தாலோ, முதலில் கார்பென்டரைக் கூப்பிட்டு அதைச் சரி செய்துவிட்டு, அப்புறம் தனியாக விடுங்கள்.